சிரிப்பு பொருந்தவில்லை

அவள் உள்ளே சேர்ந்தபோது பதினோரு விநாடிதான் ஆனது. கட்டைவிரலை ஒரு தடவை அழுத்தினாள், முகத்தை ஒரு தடவை காட்டினாள், கம்பெனி அவளை வாரி அணைத்துக்கொண்டது. யார், என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற தாய்கூட அவளை இத்தனை சுலபமாக வீட்டுக்குள் விட்டதில்லை.

வெளியே போகிறேன் என்று சொன்ன பிறகுதான் கம்பெனிக்கு அவள்மேல் அக்கறை பிறந்தது.

அவள் பல் கட்டுகிறவள். வைத்தியர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகவிட்டு, அதன்மேல் மெழுகு கட்டி, பல்லைப் பல்லாக நட்டு, பொக்கை வாய்களுக்குச் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. இந்த வேலையில் பாதி, காத்திருப்பது. பிளாஸ்டர் இறுக நாற்பது நிமிடம் ஆகும். ஊதினாலும் ஆகாது, திட்டினாலும் ஆகாது. அந்த நாற்பது நிமிடத்தில் முன்பெல்லாம் லேப் ஜன்னல் வழியே டயர் கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் முன்பு சுவருக்குப் பதிலாக போனைப் பார்க்க ஆரம்பித்தாள். போனில் போக்கர் சீட்டாட்டம் இருந்தது, அந்தக் கம்பெனி நடத்துவது.

அங்கே அவள் பெயர் ஞானப்பல். வட்ட மேஜையைச் சுற்றி ஆறு பேர். முகம் இல்லை, வயது இல்லை. யாரும் அவளை "அம்மா, என் சாவி எங்க?" என்று கேட்கவில்லை. மோசமான சீட்டு வந்தால் கைவிட்டுவிடலாம். வாழ்க்கையில் கைவிட முடியாதவற்றின் பட்டியல் நீளமாக இருந்த ஒருத்திக்கு, ஒரு விரல் தட்டலில் கைவிட முடிகிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் வருடம் அவள் ஆடியது அதற்காகத்தான் என்று அவள் இன்றும் நம்புகிறாள். அது முழு உண்மையில்லை என்றும் அவளுக்குத் தெரியும்.

பணம் ஏறும் நாளும் உண்டு, இறங்கும் நாளும் உண்டு. இறங்கும் நாட்களில் அவள் வாயை மூடிக்கொண்டு வேலைக்குத் திரும்புவாள். தோற்றவளுக்குக் கை கவனமாக இருக்கும். ஏறும் நாட்கள்தான் ஆபத்து. கையில் இரண்டு ஏழு, வெறும் ஏழு ஜோடி, வைத்துக்கொண்டு ராஜா ஜோடிக்காரனை மிரட்டிச் சீட்டைக் கைவிட வைத்த நாளில், நடையே மாறிப்போயிற்று. லேப் சின்னதாகத் தெரிந்தது. முதலாளி சின்னதாகத் தெரிந்தார். எதிரில் மெழுகில் நட்டுக்கொண்டிருந்த பல், பல்லாகவே தெரியவில்லை.

அந்த நாளில்தான் அது நடந்தது. இடப்பக்கத்துக் கோரைப்பல்லை வலப்பக்கமும், வலப்பக்கத்துப் பல்லை இடப்பக்கமும் நட்டு, வேகவைத்து, மெருகேற்றி அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு பிழை அவள் கையில் நேர்ந்ததில்லை. தொழில் கற்கும் முதல் வாரத்தில் செய்கிற பிழை.

பல்லுக்குரியவர் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பல் செட்டை ஒரு சோப்பு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக லேப்புக்கே வந்துவிட்டார்.

"கண்ணாடியில பார்த்தேம்மா. என் வாய்க்குள்ள வேற யாரோ சிரிக்கிறாங்க."

முதலாளி டப்பாவைத் திறந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய மேஜையில் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

"மூணு வாரத்துல புதுசா செஞ்சு குடுங்க," என்றார். "இன்னொரு தடவை கோரைப்பல் இடம் மாறுச்சுன்னா, நீங்களும் இடம் மாறிக்க வேண்டியதுதான்."

வேலை போய்விடும் என்பது இருக்கட்டும். அன்று இரவு அவளைக் குடைந்தது வேறு: இந்தக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அவளிடம் சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டு கைகளைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. மறுநாள் காலை கணக்கை மூடும்படி எழுதிப்போட்டாள்.

உடனே பதில் வந்தது. கம்பெனியின் பொறுப்பான ஆட்டப் பிரிவு எழுதியிருந்தது. "தங்கள் முடிவை மதிக்கிறோம். எனினும் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுப்பதிலிருந்து தங்களைக் காப்பது எங்கள் கடமை. எழுபத்திரண்டு மணி நேர அமைதிக் காலம் இப்போது தொடங்குகிறது."

பணம் போடும்போது அமைதிக் காலம் எதுவும் கிடையாது. அப்போது எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டாலும் கம்பெனி பொறுத்துக்கொள்ளும்.

அமைதிக் காலத்தில் மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் ஓர் இலவசப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு அனுப்பினார்கள். இரண்டாம் நாள், அவள் வழக்கமாக உட்காரும் மேஜையில் அவளை மூன்று பேர் தேடியதாகத் தகவல் அனுப்பினார்கள். அவள் எதையும் தொடவில்லை. எழுபத்திரண்டாவது மணி நேரத்தில், 'உள்ளே வந்து உறுதிசெய்க' என்று செய்தி வந்தது. உறுதிசெய்யும் பொத்தான் திரையில் தெரிந்த ஆட்ட அறையின் கோடியில், இரண்டு மேஜைகளுக்கு நடுவே இருந்தது. அங்கே போகிற வழியில் ஒரு மேஜையில் அவள் பெயருக்கு நாற்காலி போட்டு, சீட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

ராணி ஜோடி.

ராணி ஜோடியைக் கைவிடுவது அவமரியாதை. அப்படித்தான் அந்த நொடியில் நினைத்தாள். பிற்பாடு எத்தனையோ தடவை அந்த நினைப்பைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். யாருக்கு அவமரியாதை, அட்டையில் இருக்கும் அந்தப் பொம்மைக்கா? ஆனால் அந்த நொடியில் விரல் தட்டிவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது பிளாஸ்டர் இறுகி, அச்சோடு ஒட்டிக்கொண்டு பாறையாகியிருந்தது. போனில் ஒரு செய்தி: "மனம் மாறியதற்கு நன்றி. தங்கள் மூடல் விண்ணப்பம் அன்புடன் ரத்து செய்யப்பட்டது."

"அன்புடனாம்," என்றாள் மகளிடம்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். செய்தியை வாங்கிப் படித்தாள். "அம்மா, இது கம்பெனி இல்ல. விட்டுட்டுப் போறேன்னா வாசல்ல வந்து நின்னு அழற பழைய காதலன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல பார்த்தேம்மா, விடு. நம்பர் குடு, பேசிடலாம்."

மகளிடம் கொடுக்காமல் அவளே பேசினாள். எடுத்தவர் தன்னை நல உறவு அலுவலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். குரலுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுது. சொல்லுங்க ஞானப்பல் மேடம்."

"எனக்கு நிஜப் பேர் இருக்கு தம்பி."

"தனியுரிமை காரணமா நிஜப் பேரை நாங்க சொல்லக் கூடாது மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"சரி. கணக்கை மூடணும்."

"கண்டிப்பா மூடிடலாம் மேடம். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு பொறுப்புணர்வுத் தேர்வு. நாப்பது கேள்விதான்."

பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் எழுதினாள். 'ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?' உண்டு. 'அவ்வாறு நினைக்கும்போது தங்கள் உடல்நிலை எப்படி இருந்தது?' நன்றாக இருந்தது. 'ஆட்டத்தால் வேலையில் பிழை நேர்ந்ததுண்டா? நேர்ந்தது எனில், அதை ஒப்புக்கொள்ளும் துணிவு தங்களுக்கு உண்டா?' அவள் உண்டு என்று எழுதினாள். எழுதும்போது கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் அவளிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது யார் என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் நல உறவு அலுவலர் கூப்பிட்டார். குரலில் பூரிப்பு.

"வாழ்த்துகள் மேடம்! நூத்துக்குத் தொண்ணூத்தாறு. உச்சப் பொறுப்புன்னு வந்திருக்கு. இவ்வளவு பொறுப்பானவங்க ஏன் போகணும்? கணக்கை மூடற வசதி பொறுப்பில்லாதவங்களுக்குத்தானே?"

"அப்ப பொறுப்பில்லாம இன்னொரு தடவை எழுதட்டுமா?"

"எழுதலாம். ஆனா அதுல மார்க் குறைஞ்சா, தெளிவான மனநிலையில முடிவெடுக்கற நிலையில நீங்க இல்லன்னு வரும். அப்ப மூட அனுமதி கிடையாது."

"அதாவது தெளிவா இருந்தா மூட வேண்டாம். தெளிவா இல்லன்னா மூட முடியாது."

"கரெக்டா புடிச்சிட்டீங்க மேடம்! நிறைய பேருக்கு இது புரியறதே இல்ல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்தவர் பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தன் பல் தேய்வது புதிதாகத் தெரிந்தது. "தம்பி, மேல யாராவது இருந்தா குடுங்க. நான் கத்தப்போறேன். உங்ககிட்டக் கத்தறதுல எனக்கு இஷ்டமில்ல."

பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது. "சிறப்பு மூடல்னு ஒண்ணு இருக்கு மேடம். யாருக்கும் சொல்ல மாட்டோம். முகத்தை மட்டும் உறுதிப்படுத்தினாப் போதும்."

முகம்தானே என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'சிரிப்பு பொருந்தவில்லை. நாற்பத்தொரு விழுக்காடு.'

சேர்ந்த அன்று எடுத்த படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வெளியே போகிறவளும் அதே சிரிப்பைச் சிரித்தால்தான் அவள் அவள்தான் என்று கம்பெனிக்கு நிச்சயமாகும். அந்தப் பழைய படத்தைத் திரையின் ஓரத்தில் காட்டியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, இன்னும் எதையும் இழக்காத ஒருத்தி. மேல்வரிசை முழுக்கத் தெரிய, கொஞ்சம் ஈறும் தெரிய. அச்செடுத்துக் கொடுத்தால்கூட இந்தச் சிரிப்பைத் தன்னால் கட்டிவிட முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை முழுக்க மகள் போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். ஜோக் சொன்னாள். முகத்தைக் கோணிக் காட்டினாள். கடைசியில் கிச்சுகிச்சு மூட்டினாள். நாற்பத்து நான்கு. முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.

"உதட்டை இன்னும் தூக்கும்மா."

"தூக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

"இது தூக்கறதா? யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்கு." மகள் போனை இறக்கினாள். கேலி முகத்திலிருந்து போய்விட்டது. "அம்மா, நீ கடைசியா எப்பம்மா சிரிச்ச?"

அவளுக்கு ஏழு ஜோடி ஞாபகம் வந்தது. மகளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. "போய்ப் படி," என்றாள்.

அறுபத்து மூன்று தடவை முகம் காட்டியிருந்தாள். அது வீண்போகவில்லை. திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து கனமான காகிதத்தில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பொறுப்பான ஆட்டப் பிரிவின் பக்கங்களை அந்த ஆண்டில் அதிகத் தடவை பயன்படுத்திய ஏழு பேரில் ஒருவர் என்ற முறையில், 'ஆண்டின் பொறுப்பான ஆட்டக்காரர்' விருதுக்கு ஞானப்பல் தேர்வாகியிருந்தார். இயக்குநர் கையால் கேடயம். அடியில் சிறிய எழுத்தில், விருதாளர்களின் குறைகளை இயக்குநர் நேரில் கேட்டுத் தீர்ப்பார் என்றிருந்தது.

அறிவிப்பாளரின் புதுப் பல்லைக் கொடுக்க வேண்டிய அதே வெள்ளிக்கிழமை. காலையில் விழா, மாலை நான்கு மணிக்குப் பல். மெருகேற்றும் வேலை மட்டும் மிச்சமிருந்தது. முதலாளியிடம் அரை நாள் கேட்டாள்.

"கோரைப்பல்லை எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

"திரும்ப எண்ணுங்க. போயிட்டு வாங்க."

விழா அரங்கில் குளிர் கொட்டியது. மேஜைகளில் பிளாஸ்டிக் பழங்கள். முன்வரிசையில் விருதாளர்கள் ஏழு பேர், சட்டையில் பட்டப்பெயர் குத்தப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவருடைய அட்டையில் 'சுனாமி' என்றிருந்தது. ஒல்லியான மனிதர். காலர் கிழிந்திருந்தது.

"நீங்க எத்தனை தடவை மூடப் பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சு. போன வருஷமும் எனக்குப் பரிசு கிடைச்சுது," என்றார் சுனாமி. "அந்தக் கேடயத்தை முட்டு வெச்சுத்தான் வீட்டுக் கதவைத் திறந்து நிறுத்தியிருக்கோம். நல்ல வெயிட்டு."

இயக்குநர் மேடையேறினார். அவள் கண் முதலில் போனது அவர் பல்லுக்குத்தான், தொழில் புத்தி. வரிசை அப்படியொரு ஒழுங்கு. அவ்வளவு ஒழுங்காக அடுக்கினால் பொய் என்று தெரிந்துவிடும். அவளாக இருந்தால் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்திருப்பாள்.

"நண்பர்களே," என்றார் இயக்குநர், "வெளியில எங்களைப் பத்தித் தப்பாப் பேசறாங்க. போறவங்களை நாங்க பிடிச்சு வெக்கிறோமாம். ஒருபோதும் இல்ல. கதவு எப்பவும் திறந்திருக்கு. போற வழியில நாலு நாற்காலி போட்டு வெக்கிறோம், அவ்வளவுதான். களைச்சுப் போனவங்க உட்காரட்டுமேன்னு."

கைதட்டல்.

"சிலர் வெறி பிடிச்சு ஆடறாங்க. அவங்களைப் பார்த்தா எனக்கு நெஞ்சு வலிக்குது. ஆறே மாசத்துல இருக்கறதெல்லாம் தீர்ந்து, காலி. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆனா பொறுப்பா ஆடறவங்க அப்படி இல்ல. பத்து வருஷம் ஆடுவாங்க. இருபது வருஷம் ஆடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா, நிதானமா, மாசாமாசம்... ஒரு மாடு தினம் பால் கறக்குதுன்னா அதை நாம மதிக்கணும் இல்லையா? மதிக்கத்தான் இந்த விழா!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சுனாமியும் தட்டினார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். காது மடல் சூடாகிவிட்டது. மாடு என்று சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். ஏறினாள். கேடயத்தை நீட்டும்போது இயக்குநர் குனிந்து, "குறை ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"என்னை வெளிய விடுங்க. அது ஒண்ணுதான் குறை."

அவர் மைக்கின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? 'என்னை வெளிய விடுங்க'ன்னு சொல்றாங்க. எவ்வளவு பொறுப்பு பாருங்க!" மறுபடி கைதட்டல். "இவங்களுக்கு நம்ம சார்புல ஆட்டத்துல போட அஞ்சாயிரம் சில்லு அன்பளிப்பு. அதை ஆடித் தீர்க்கற வரைக்கும் கணக்கை யாராலயும் மூட முடியாது. நானே நினைச்சாலும் முடியாது!"

புகைப்படக்காரர், "மேடம், இங்க பாருங்க, சிரிங்க," என்றார்.

அவள் பார்த்தாள். மூன்று வருடத்து மத்தியானங்கள், பாறையான பிளாஸ்டர், சோப்பு டப்பா, மகள் போனை இறக்கிய விதம், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது, உதடு தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மேல்வரிசை முழுக்கத் தெரிந்தது. ஈறும் தெரிந்தது. குரைக்கப் போகிற நாய்க்கு அப்படித் தெரியும்.

விளக்கு மின்னியது. எடுத்த படம் அந்த நொடியே கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும், கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

'சிரிப்பு பொருந்துகிறது. தொண்ணூற்றெட்டு விழுக்காடு. நல்வரவு, ஞானப்பல்.'

ஒரு மணிக்கு லேப்புக்கு வந்து சேர்ந்தாள். கேடயத்தைப் பிளாஸ்டர் மூட்டைமேல் வைத்தாள். கையைக் கழுவி, அறிவிப்பாளரின் பல்லை எடுத்து, கோரைப்பல்லைத் தொட்டு, "இடது" என்று வாய்விட்டுச் சொன்னாள். மற்றதைத் தொட்டு, "வலது." பிறகு மெருகேற்ற உட்கார்ந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கை பேச்சைக் கேட்டது.

நான்கு மணிக்கு அவர் வந்தார். பல்லைப் பொருத்தி, வாயைத் திறந்து மூடி, நாக்கால் சுற்றித் தடவிப் பார்த்தார். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசிப் பாருங்க சார். 'ச' வருதான்னு பார்க்கணும்."

அவர் முதுகை நிமிர்த்தினார். "சற்று நேரத்தில் வரவிருக்கும் வண்டி, மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."

லேப் முழுக்க அதிர்ந்தது. டயர் கடையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"முப்பது வருஷமா வருந்தியிருக்கீங்க," என்றாள் அவள்.

"நான் எங்கம்மா வருந்தினேன்? முதல் வருஷமே பதிவு பண்ணி வெச்சுக்கிட்டாங்க. அப்புறமெல்லாம் டேப்புதான் வருந்துச்சு." கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தார். "இப்ப நான்தான் சிரிக்கிறேன்."

முதலாளி அடுத்த அச்சை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் பிளாஸ்டரைக் கலக்கி ஊற்றினாள். நாற்பது நிமிடம். முதல் நிமிடத்திலேயே போன் அடித்தது.

"இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுது. ஞானப்பல் மேடம், நல்ல சேதி! உங்க முகம் பொருந்திடுச்சு. நான் மேலிடத்துல பேசி அந்த அன்பளிப்பைக்கூட ரத்து பண்ணச் சொல்லிட்டேன். கணக்கை மூடிடலாம்."

"மூடுங்க."

"நீங்க ஒரே ஒரு தடவை உள்ள வந்து உறுதிசெஞ்சிட்டுப் போயிடுங்க மேடம். ஒரு நிமிஷ வேலை. பொத்தான் அதே இடத்துலதான் இருக்கு."

பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போகிற வழியில் நாற்காலி இருக்கும். நாற்காலிக்கு எதிரில் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்கும். என்ன சீட்டு என்று பார்க்க அவள் விரல் இப்போதே, இந்த நொடியிலேயே, துடித்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. வெளியே போகிற வழி உள்ளே போவதுதான் என்றால், அந்தக் கணக்கு சாகும்வரை திறந்து கிடக்கட்டும். தினமும் அவளேதான் அதை மூடிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு அச்சுக்கும் நாற்பது நிமிடம்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"தம்பி, இது பதிவாகுதா?"

"ஆகுது மேடம். பயிற்சிக்கு."

"நல்லாப் பதிவு பண்ணிக்குங்க. உங்க இயக்குநருக்கும் போட்டுக் காட்டுங்க. இதுதான் என் உறுதி."

போனை மேஜையில் கிடத்தினாள். பழைய செட்டை, கோரைப்பல் இடம் மாறிய அந்தச் செட்டை, சோப்பு டப்பாவிலிருந்து எடுத்தாள். அரைக்கும் மோட்டாரைப் போட்டாள். அது கிறீச்சிட்டு அலறியது. அந்தப் பல்லை அதில் வைத்து அழுத்தினாள். ஈறும் பல்லும் தூளாகி, போன்மேல் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கொட்டின. உள்ளேயிருந்து "மேடம், மேடம்" என்று ஏதோ கேட்டது. அத்தனை பல்லையும் அரைத்து முடிக்கும்வரை அவள் மோட்டாரை நிறுத்தவில்லை.

நிறுத்தியபோது திரையில் தூசிக்கு அடியில் ஒரு செய்தி மினுங்கியது: 'இன்றைய உரையாடல் தங்களுக்கு மனநிறைவு அளித்ததா?'

போனைக் கவிழ்த்து வைத்தாள். பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம். இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, டயர் கடையின் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.